சாந்த்ராகாச்சி தாண்டி பர்மா

செத்துக் கிடந்த என் வீட்டுக்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "ரசம் கொண்டாந்தியா?" என்று கேட்டார்.

அவர் தலைமாட்டில் மாரில் அடித்துக்கொண்டு அழுதது நான் இல்லை. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். நான் ஒரு பிணம் தள்ளி, துணி மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு நடுவில் கிடந்த பிணம் எங்கள் மளிகைக்கடை செல்லையா அண்ணாச்சி. அவரைக் கட்டெறும்பு பதம் பார்த்துக்கொண்டிருந்தது. செத்தவர் சொறியக் கூடாதே, அதனால் கால் கட்டைவிரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கொண்டாந்திருக்கேன், கண்ணை மூடுங்க" என்றேன், உதடு அசையாமல்.

மூடினார். மூடிக்கொண்டே, "பூண்டு தட்டிப் போட்டியா?" என்றார்.

டைரக்டர் அனிர்பான் "கட்" என்று சொல்லி, காட்சியை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். செத்தவர் பேசக் கூடாது மேஷோமஷாய் என்று வங்காளத்தில் கையெடுத்துக் கும்பிட்டான். இங்கே கல்கத்தாவில் சித்தப்பா முறைக்காரரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் அவனுக்கு மாஷிமா, சித்தி. இவர் எழுந்து உட்கார்ந்து, முதுகில் ஒட்டிய மூங்கில் இலையைத் தட்டிவிட்டு, பேசவில்லை, விசாரித்தேன், அவ்வளவுதான் என்றார்.

இடம், பர்மா எல்லையில் ஒரு மலைக்காடு. அதாவது சாந்த்ராகாச்சி தாண்டி ஒரு செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கிற மூங்கில் தோப்பு. மலைகளைப் பிற்பாடு கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வார்களாம். பனிமூட்டத்துக்கு ஒரு மெஷின் இருந்தது. அது விட்ட புகையில் கொசுமருந்து வாசனை. ரயில்வே யார்டில் எஞ்சின் கூவினால், அது கூவி ஓயும்வரை எல்லாரும் செத்தபடியே காத்திருக்க வேண்டும்.

ஒல்லியான தமிழர் உண்டா?

இந்தத் தொடரைப் படிக்கிற தங்கை ஒருத்தி போனில் கேட்டாள். அந்தக் காலத்துக் கொடுமைகளையெல்லாம் எதற்காக அக்கா இன்றைக்குப் படமாக எடுக்கிறார்கள், அழவைத்துக் காசு பண்ணுகிறதைத் தவிர அதில் என்ன இருக்கிறது என்று. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது?  என்னிடம் இந்த மூங்கில் தோப்பு மட்டும்தான் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எங்கள் மாவுக்கடை என்று முன்பே சொல்லியிருக்கிறேன். வாசலில் பெஞ்சு போட்டு காலையில் இட்லி, தோசை. அனிர்பான் ஜாதவ்பூரில் படித்த காலத்தில் தினம் வருவான். இட்லியை மரியாதைக்கு ஒன்று சாப்பிட்டுவிட்டு, சாம்பாரை டம்ளரில் வாங்கிக் குடிப்பான். படித்து முடித்து, தாடி வைத்து, மெலிந்து, ஒரு மழை நாளில் திரும்பி வந்தான். டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னான்: மாஷிமா, படம் எடுக்கிறேன், எனக்குத் தமிழர்கள் வேண்டும்.

யுத்த காலத்தில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது, கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் போனார்கள். கிடைக்காதவர்கள் நடந்தார்கள். நம் ஆட்கள்தான் நிறைய. மூட்டை தூக்கினவர்கள், வண்டி ஓட்டினவர்கள், கடையில் கணக்கு எழுதினவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு காடும் மலையும் கடந்து நடந்தார்கள். வழியிலேயே முடிந்துபோனவர்கள் எத்தனையோ. பிழைத்து வந்தவர்களை ரயிலில் ஏற்றி கல்கத்தாவில் இறக்கினார்கள்.

அனிர்பானின் தாத்தா வாலிபத்தில் சியால்தா ஸ்டேஷனில் அவர்களுக்குக் கிச்சுடி, அதாவது பருப்புச் சோறு, பரிமாறியவராம். ஒரு தமிழர் தட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டி இன்னொரு தட்டு கேட்டாராம். பக்கத்தில் ஒருவருமே இல்லையாம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பையன்.

நானும் அக்கம்பக்கத்தில் சொல்லி, டாக்குரியாவிலும் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸிலும் ஆட்களைத் திரட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கடைவாசலில் வரிசையாக நிறுத்திக் காட்டினேன். அனிர்பான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, ரொம்பத் தயங்கி, "மாஷிமா, ஒல்லியான தமிழர் யாரும் இல்லையா?" என்றான்.

அண்ணாச்சி தன் தொந்தியைத் தடவிக்கொண்டு, "இது பர்மாவை விட்டுக் கிளம்புத அன்னைக்கு இருந்த தொந்தின்னு வச்சுக்கிட வேண்டியதுதான்" என்றார். அவர் திருநெல்வேலிப் பக்கம். எதற்கும் கைவசம் ஒரு பதில் இருக்கும்.

தெரிஞ்சவனுக்கு மட்டும் என்ன ஆயிடுச்சு

வரமாட்டேன் என்று சொன்ன ஒரே ஆள் என் வீட்டுக்காரர்.

கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் சேராமல் எல்லாவற்றையும் கடைசிப் பெட்டியிலிருந்து பார்க்கிற சுபாவம். "செத்தவங்களை இன்னொரு வாட்டி சாகடிச்சு, அதுக்கு டிக்கெட்டு, பாப்கார்னு. நமக்கு வேணாம்" என்றார்.

யாருக்குமே தெரியாத சரித்திரம் மேஷோ, தெரியவேண்டாமா என்று அனிர்பான் கெஞ்சினான்.

"தெரிஞ்சவனுக்கு மட்டும் என்ன ஆயிடுச்சு?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

தெரிந்தவர்தான். இவருடைய அப்பாவே அப்படி நடந்து வந்தவர். அப்போது பதின்மூன்று வயதாம். என் மாமனார் கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தார். அந்த நடையைப் பற்றிச் சிரிப்புக் கதைகளாகச் சொல்லுவார். ஒரு ஆள் சுவர்க் கடிகாரத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நடந்தானாம். அது மணிக்கொரு தரம் அடிக்குமாம், அந்தச் சத்தத்துக்குப் புலியே கிட்ட வராதாம். இன்னொருத்தர் ஆட்டுக்கல்லைச் சுமந்து வந்தாராம், ஊரில் போய் வாங்கினால் விலை ஜாஸ்தி என்று. நான் சோறு போட்டுக்கொண்டே சிரிப்பேன். உல்லாசப் பயணம் போய்வந்தவர் மாதிரிதான் பேசுவார்.

படம் சரியா தப்பா என்று எனக்கும் இவருக்கும் அந்த வாரம் முழுக்க வாக்குவாதம். மாவு அரைக்கிற சத்தத்தைத் தாண்டிக் கத்தினோம். எனக்கும் உள்ளுக்குள் உறுத்தாமல் இல்லை. ஏனென்றால் நான் ஒன்று பார்த்திருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் ஒரு படத்துக்குப் போயிருந்தோம். அதுவும் இப்படி எங்கோ நடந்த கொடுமையைப் பற்றியதுதான். ஒரு ஊர் ஜனத்தையே சுவரோரமாக நிறுத்தி வைத்து, சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்குகிறார்கள். எனக்கு முன்வரிசையில் ஒரு அம்மாள் தேம்பித் தேம்பி அழுகிறாள். நானும் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறேன். சரியாக அந்த இடத்தில் இடைவேளை போட்டார்கள். அடுத்த நிமிஷம் அதே அம்மாள் பெண்கள் கக்கூஸ் வரிசையில் என்னை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போனாள். கையில் சமோசா. ஊர் ஜனம் பாவம், நாங்கள் தின்று முடிக்கிறவரை சுவரோரமாகவே நின்றுகொண்டிருந்தது.

இதை டாக்குரியா மார்க்கெட்டில் மீன் விற்கிற ஹாருதாவிடம் சொன்னேன். நான் மீன் வாங்குவதில்லை, அவர் பேச்சுக்காக நிற்பேன். அவருக்கு நான் பௌதி, அதாவது அண்ணி. அவர் ஒரு இலிஷ் மீனைச் செதில் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "பௌதி, அழுகை வராத படத்துக்குப் போறது முள்ளில்லாத மீனை வாங்குற மாதிரி. ஆனா முள்ளை மட்டும் விக்கிறவனும் இருக்கான், பார்த்து வாங்கணும்."

கடைசியில் இவரைக் கிளப்பினது சரித்திரமும் இல்லை, என் வாதமும் இல்லை. படத்தில் எல்லாரும் ஜோடி ஜோடியாகக் குடும்பமாக நடக்க வேண்டுமாம். எனக்கு ஜோடி இல்லாததால் செல்லையா அண்ணாச்சியை எனக்குப் புருஷனாகப் போட்டிருக்கிறார்கள் என்று சும்மா காதில் போட்டு வைத்தேன். மறுநாள் காலையில் எனக்கு முன்னால் குளித்துவிட்டு வாசலில் நின்றார்.

சாமிக்குக் கேமரா தெரியாது

போன இடத்தில் முதல் தகராறு, யாருடைய புருஷன் சாவது என்பதில்.

உதவி டைரக்டர் தியா என்று ஒரு பெண். கிராப்பு வெட்டிய தலை, முழங்கையில் பச்சை குத்திய குருவி. என் வீட்டுக்காரர் செத்துக் கிடப்பார், நான் வளையலை உடைத்து, பொட்டை அழித்து அழவேண்டும் என்று விளக்கினாள். என்னைக் கொன்றாலும் மாட்டேன் என்றேன். நடிப்புதானே மாஷிமா என்றாள். நடிப்போ நிஜமோ, அவர் முன்னால் உட்கார்ந்து என் கையால் என் பொட்டை நான் அழிப்பேனா?

சரி, இவர் அவளுக்குச் சொந்தப் புருஷன் இல்லையே என்று அண்ணாச்சியின் மனைவி கோமதியைக் கேட்டார்கள். அவளும் மாட்டேன் என்றுவிட்டாள். "பொட்டை அழிச்சேம்னு தெரிஞ்சா எங்கம்மா ரயிலேறி வந்து என்னைய அழிச்சிருவா. நடிப்புன்னு நமக்குத்தான் தெரியும். மேல இருந்து பாக்குத சாமிக்கு நம்ம நெத்திதான் தெரியும், கேமரா தெரியாது" என்றாள்.

தியா எங்கள் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். நாங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தாலியைப் பிடித்துக்கொண்டோம். வேறு வழியில்லாமல், கல்யாணமே ஆகாத தியா ஒட்டுமுடி வைத்து, புடவை சுற்றி, குருவியை முந்தானையால் மறைத்து என் வீட்டுக்காரருக்கு விதவையானாள். இவர் இன்றைக்கும் சொல்கிறார், நான் அழுதிருந்தால்கூட அந்தப் பிள்ளை அழுத மாதிரி வந்திருக்காது என்று.

அடுத்த தகராறு மத்தியானச் சாப்பாடு. கம்பெனி கொடுத்த முட்டைக் கறிப் பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு நாங்கள் தூக்குச்சட்டிகளைத் திறந்தோம். செத்தவர்கள் ஓடிவந்து உட்கார்ந்தார்கள். கோமதி கரண்டியைக் குறுக்கே நீட்டினாள். பிணமாகக் கிடந்தவர்கள் தலை முழுகாமல் இலையில் உட்காரலாமா என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எல்லாரையும் செங்கல் சூளைக் குழாயடிக்கு விரட்டினோம். நன்றாகத் தேய்த்துக் குளித்து, பையில் இருந்த திருநீற்றைப் பட்டையாகப் பூசி, பசியோடு வந்து உட்கார்ந்தார்கள்.

சாப்பிட்டு முடித்துக் கைகழுவும்போதுதான் தியா வந்தாள். காலையில் பாதி எடுத்த காட்சியை இனிமேல்தான் முடிக்க வேண்டுமாம். பொழுது விடிவதற்கு முன்பிருந்து உட்கார்ந்து பூசின சேறும் கரியும் காய்ந்த ரத்தமும் குழாயடியில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தன. பிணங்கள் எல்லாம் பளபளவென்று, சிவராத்திரிக்குக் கிளம்பினவர்கள் மாதிரி நின்றன. அந்தப் பெண் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோமதி அவளுக்கு ஒரு கரண்டி தயிர்சாதம் போட்டு, "சாப்பிடு தாயி, செத்தவங்க எங்கயும் ஓடிர மாட்டாங்க" என்றாள்.

நின்று, பார்த்து, போக வேண்டும்

அன்றைக்குப் பிணக்காட்சி கெட்டது. அதனால் மாலைக்கென்று வைத்திருந்த காட்சியை முன்னால் இழுத்தார்கள். செத்தவர்களெல்லாம் இப்போது வேறு துண்டு கட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் ஆனார்கள்.

காட்சி சின்னது. பாதையோரம் மரத்தடியில் ஒரு குழந்தை தனியாக உட்கார்ந்திருக்கும். கூட்டம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு பெரியவர் மட்டும் நிற்பார், குழந்தையைப் பார்ப்பார், பிறகு அவரும் போய்விடுவார். அவ்வளவுதான். இந்தப் படத்துக்கே உயிர் இந்தக் காட்சிதான் என்று அனிர்பான் எங்களைச் சுற்றி உட்காரவைத்துச் சொன்னான். அந்தப் பெரியவராக இவரைத் தேர்ந்தெடுத்தான். அப்படி ஒரு முகம் கிடைக்காது மேஷோ என்றான். 

குழந்தை டும்பா, படக்குழுவுக்கு டீ போடுகிற பெண்ணின் மகள். நாலு வயது இருக்கும். காலையிலிருந்து இவர் பைக்குள் கைவிட்டு முறுக்கு எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

புகை விட்டார்கள். நடந்தோம். நான் முன்னால், இவர் பின்னால். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. திடீரென்று "கட், கட்" என்று சத்தம். திரும்பினால், இவர் டும்பாவைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு வருகிறார்.

தூக்கக் கூடாது மேஷோ, பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று அனிர்பான் பொறுமையாகச் சொன்னான். இவரும் சரி சரி என்றார். மறுபடி புகை, மறுபடி நடை. மறுபடியும் தோளில் குழந்தை.

வங்காளத்தில் புரியவில்லையோ என்று தியா இந்தியில் சொன்னாள். நான் தமிழில் சொன்னேன். எல்லா மொழியிலும் இவர் தலையாட்டினார். அண்ணாச்சி ஓரமாக உட்கார்ந்து, "கார்டு சாரை மாத்த முடியாதுய்யா. ஒரு வேகன் பின்னால நின்னுபோச்சுன்னா அவரு வண்டியை எடுக்க விடமாட்டாரு" என்றார். லைட்காரர்களுக்கு அதை வங்காளத்தில் வேறு சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அடுத்த தடவை டும்பாவுக்கு விளையாட்டு பழகிவிட்டது. அநாதையாகச் சோர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டியவள், இவர் தலை தூரத்தில் தெரிந்ததுமே இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு சிரித்தாள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பணம் போட்டவர் அனுப்பிய ஆள் ஒருவர் கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். அனிர்பானுக்கு முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "மேஷோ, அப்படி நடக்கலை. யாருமே தூக்கலை. அதுதான் நடந்தது. அதைத்தானே நாம காட்டணும்."

இவர் குழந்தையை இறக்காமலே சொன்னார். "நடந்தது எனக்குத் தெரியும்ப்பா. அதனாலதான் தூக்குறேன்."

டும்பாவை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மூங்கிலுக்குப் பின்னால் நடந்து போனார்.

மூங்கிலுக்குப் பின்னால்

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். துண்டை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்துத் திரும்ப மடித்தார்.

"அப்பா கடிகாரக் கதை சொல்லுவார்ல" என்றார்.

"ஆமா."

"ஆஸ்பத்திரியில கடைசியா எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு. தங்கச்சி ஒண்ணு இருந்துச்சாம். நாலு வயசு. பேரு பொன்னு. அப்பாதான் முதுகுல தூக்கிட்டு வந்திருக்காரு. பெரியவங்கள்லாம் முன்னால போயிட்டாங்க. இவருக்குக் காய்ச்சல், நிக்க முடியல. ஒரு மரத்தடியில இறக்கி வச்சு, இங்கனயே இரு, அண்ணன் தண்ணி கொண்டாரேன்னாராம்."

யார்டில் எஞ்சின் கூவியது. அது ஓயும்வரை நின்றோம்.

"அப்புறம்?"

"அப்புறம் சியால்தாதான்."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அந்த மனிதருக்கு எத்தனை வேளை சோறு போட்டிருப்பேன். இப்படி ஒரு பெயரையே நான் கேட்டதில்லை.  

"காசு குடுத்து என்னைய நடிக்கக் கூப்பிட்டான். அப்பா செஞ்சதை நான் எப்படித் திரும்பச் செய்வேன், மீனாட்சி? அந்தப் புள்ள வேற கையைத் தூக்குது" என்றார்.

நான் போய் அனிர்பானிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, வேண்டியதை மட்டும். கேட்டு முடித்ததும் அவன் கண்ணில் ஒரு பளிச். புது இலிஷ் கூடை வந்து இறங்கும்போது ஹாருதா கண்ணில் வருமே, அதேதான்.

"மாஷிமா, இதை அவர் கேமரா முன்னாடி சொல்வாரா?"

 அவனைப் பார்த்தேன், அவ்வளவுதான். டம்ளரில் சாம்பார் ஊற்றிக் கொடுத்த கை, அறையவா முடியும்? பையனுக்கே உறைத்துவிட்டது. பளிச்சென்றிருந்த முகம் அப்படியே அணைந்தது. நெற்றியில் தானே அடித்துக்கொண்டான். "நான் என்ன ஜென்மம்" என்றான்.

போனில் கேட்ட தங்கைக்கு ஒன்று சொல்வேன். அந்தப் பளிச்சும் நிஜம், அந்த அடியும் நிஜம். இரண்டும் ஒரே பையனிடம், ஒரே நிமிஷத்தில் இருந்தன. அடியை மட்டும் பார்த்தால் அவன் மகான், பளிச்சை மட்டும் பார்த்தால் பிணம் விற்கிறவன். நான் இரண்டையும் பார்த்துத் தொலைத்தேன்.

அவனே மூங்கிலுக்குப் பின்னால் போனான். என்ன பேசினார்களோ, இவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். பெரியவராக இனி அண்ணாச்சி நடப்பார் என்று எல்லாருக்கும் சொன்னான். இவரைக் கேமராவுக்குத் தெரியாதபடி, மரத்துக்கு இந்தப் பக்கமாக நிறுத்தினான்.

"மேஷோ, குழந்தையை யாரும் விட்டுட்டுப் போகப் போறதில்லை. நான் கட் சொன்னதும் நீங்க தூக்கிக்கணும். அதுதான் உங்க வேலை" என்றான்.

அப்படி ஒரு வேலையை இவர் ரயில்வேயில்கூடப் பார்த்ததில்லை. ஓட்டப் பந்தயத்துக்கு நிற்கிறவர் மாதிரி வேட்டியை மடித்துக் கட்டி, முன்காலில் நின்றார். முதல் தடவை அவசரத்தில் இவர் வேட்டி நுனி படத்துக்குள் வந்துவிட்டது. நான் கட் சொன்னபிறகுதான் மேஷோ என்றான் அனிர்பான். "அப்ப சீக்கிரம் சொல்லித் தொலையேன்ப்பா" என்றார் இவர்.

அண்ணாச்சி பட்ட பாடு

படம் வெளியே வந்ததும் அண்ணாச்சியின் நடிப்பைத்தான் எல்லாரும் பேசினார்கள். குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அந்த முகத்தில் என்ன ஒரு வேதனை என்று பத்திரிகையில்கூட எழுதினார்கள். உள்ளங்காலில் மூங்கில் சிலாம்பு ஏறியிருந்தது கோமதிக்கும் எனக்கும்தான் தெரியும்.

ஆனால் கடையில் பிழைப்புக் கெட்டது. சாம்பார்பொடி வாங்கவரும் வங்காளத்துப் பெண்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒரு அம்மாள் கேட்டே விட்டாளாம், அந்தச் சின்னக் குழந்தையை விட்டுவிட்டு வர உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று. அண்ணாச்சி என்னிடம் வந்து புலம்பினார். "மைனி, நான் நாலு புள்ளைகளைப் பெத்து வளத்தவன். இந்தப் பய படம் எடுத்ததுல நான் கொலைகாரனாயிட்டேன். போகப் போக எனக்கே என் மேல சந்தேகமா இருக்கு" என்றார்.

கொஞ்ச நாளைக்குக் கடைக்கு வருகிற குழந்தைகளுக்கெல்லாம் கடலைமிட்டாய் இலவசம்.

இருட்டில் ஒரு செய்தி

படம் வெளியான முதல் நாள் நாங்கள் எல்லாருமாகப் போயிருந்தோம். பெரிய அரங்கம் இல்லை, ஆனால் நிறைந்திருந்தது. இவர் வருவாரா என்று எனக்குச் சந்தேகம்தான். கடைசியில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு அந்தப் பக்கம் இவர், இவருக்கு அந்தப் பக்கம் முன்பின் தெரியாத ஒரு வங்காளத்து அம்மாள். எங்கள் வயதுதான் இருக்கும்.

பிணக்காட்சி வந்தது. இவர் செத்துக் கிடந்தார், அழகாக. எங்கள் ஆட்கள் இருந்த பக்கத்தில் சிரிப்பை அடக்கினார்கள். தியாவின் அழுகைக்கு அரங்கமே மூக்கை உறிஞ்சியது.

பிறகு அந்த மரம் வந்தது. மூங்கில் தோப்பைக் காணோம். நிஜமாகவே பின்னால் மலை நின்றது, பனி இறங்கியது. டும்பா தனியாக உட்கார்ந்திருந்தாள். கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. அதில் நானும் ஒருத்தி. திரும்பிப் பார்க்காமல் நான் போவதை நானே பார்த்தேன். அண்ணாச்சி நின்றார், பார்த்தார், போனார். கேமரா அங்கேயே இருந்தது. பாதையில் ஒருவரும் இல்லை. குழந்தை தலையைத் தூக்கி, எங்கோ ஓரமாகப் பார்த்து, மெல்ல இரண்டு கையையும் நீட்டியது. அந்த இடத்தில் படம் இருண்டது.

 பக்கத்து அம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கினாள். நான் இவர் கையைத் தேடினேன். கை அங்கே இல்லை. இவர் அந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தார்.

"அழாதீங்க தீதி" என்று வங்காளத்தில் மெதுவாகச் சொன்னார். "நான் தூக்கிட்டேன்."

அந்த அம்மாள் திரும்பி, இருட்டில் இவரை உற்றுப் பார்த்தாள்.

"கட் சொன்னதும் தூக்கிட்டேன். அங்கனதான் நின்னுக்கிட்டிருந்தேன். என் தோள்லயே தூங்கிடுச்சு."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தனக்கு அந்தப் பக்கம் இருந்தவளின் காதில் குனிந்து என்னவோ சொன்னாள். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். திரையில் வேறு யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. குழந்தையைத் தூக்கிவிட்டார்களாம் என்கிற செய்தி அந்த வரிசையின் கடைசிவரை, தலை தலையாகக் குனிந்து நிமிர்ந்து போவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.